குழந்தைக்குக் காய்ச்சல்: வீட்டில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

குழந்தைக்கு உடம்பு சுட்டால் வீட்டில் முதலில் தேடுவது பாராசிட்டமால் பாட்டிலைத்தான். தவறுகளில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது. கால்பால், குரோசின், டோலோ என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் மருந்து ஒன்றுதான். அதன் அடர்த்திதான் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். நம் மருந்துக்கடைகளில் மூன்று வகை சாதாரணமாகக் கிடைக்கிறது. 5 மி.லி.யில் 120 மி.கி. மருந்துள்ள சிரப், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப், ஒரே ஒரு மி.லி.யில் 100 மி.கி. அடங்கிய டிராப்ஸ். கைக்குழந்தைக்கு உரியது என்பதால் டிராப்ஸ் லேசானது என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றிலும் காட்டமானது அதுதான்.

ஒரு வேளைக்கான அளவு குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்றாகிறது. 120 சிரப்பில் அது சுமார் 6 மி.லி.; 250 சிரப்பில் 3 மி.லி.; டிராப்ஸில் 1.5 மி.லி. “போன தடவை ஆறு மில்லி கொடுத்தோமே” என்ற நினைவில் டிராப்ஸை ஆறு மில்லி ஊற்றிவிட்டால், ஒரு நாள் முழுவதற்குமான 600 மி.கி. ஒரே வாயில் உள்ளே போய்விடும். இது திரும்பத் திரும்ப நடந்தால் பாதிப்பது கல்லீரலை. தலைகீழாகவும் நடக்கும். டிராப்ஸுக்குச் சொன்ன 1.5 மில்லியை 120 சிரப்பில் கொடுத்தால் போய்ச் சேர்வது 36 மி.கி.தான். காய்ச்சல் இறங்காது. “சாதா மருந்துக்குக் கேட்கலை, இது பெரிய காய்ச்சல்” என்று வீடு பதறும். கடையில் இன்னும் காட்டமான மருந்து கேட்டு வாங்கி வருவார்கள். ஆகவே எத்தனை மில்லி என்று யோசிப்பதற்கு முன் லேபிளில் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். குழந்தையின் எடையும் ஆறு மாதத்துக்கு முன்பு இருந்த எடையாக இருக்காது.

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6 மணி நேரம் வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. அம்மா கொடுத்தது தெரியாமல் பாட்டி ஒருமுறை கொடுப்பது கூட்டுக்குடும்பங்களில் சகஜம். காலண்டர் தாளில் நேரத்தைக் குறித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. சமையலறைக் கரண்டியால் அளக்க வேண்டாம். வீட்டுக்கு வீடு அதன் கொள்ளளவு வேறு. பாட்டிலோடு வரும் அளவு மூடி அல்லது ஊசியில்லாத சிரிஞ்ச் போதும். சிரப்பை நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் மேலே நீர்த்தும் அடியில் கெட்டியாகவும் இருக்கும். பாட்டில் தீரும் நேரத்தில் அளவு கூடிவிடும்.

கொடுத்த கால் மணி நேரத்துக்குள் மொத்தத்தையும் வாந்தி எடுத்துவிட்டால் அதே அளவை ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். அரை மணி தாண்டிவிட்டால் கொடுக்கக் கூடாது. வாந்தி எடுக்கிற குழந்தைக்கு ஆசனவாய் வழியாக வைக்கும் சப்போசிட்டரியிலும் பாராசிட்டமால்தான் இருக்கிறது. வாய் வழி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் அது இரட்டை அளவு. சளிக்கென்று வாங்கும் சில சிரப்புகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அந்தச் சளி மருந்துகளே சின்னப் பிள்ளைகளுக்குத் தேவையில்லாதவை. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டிருக்கிறது.

“ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க”

மருந்துக்கடையில் இப்படிக் கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் இபுபுரூஃபன் கலந்த சிரப் அல்லது மெஃபினமிக் ஆசிட். காய்ச்சலைச் சட்டென்று இறக்கும், உண்மைதான். சிக்கல் டெங்குவில் இருக்கிறது. ரத்தத் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு இவை வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கக் கூடும். மழைக்காலத்தில் வரும் காய்ச்சல் டெங்கு இல்லை என்று முதல் இரண்டு நாளில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. டாக்டர் பார்த்து எழுதித் தராதவரை பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. அம்மை கண்ட குழந்தைக்கும் இபுபுரூஃபன் வேண்டாம். ஆஸ்பிரின் எந்தக் காய்ச்சலுக்கும் குழந்தைகளுக்குக் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய்க்குறிக்கு அது வழிவிடும். நிமிசுலைடு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தியாவில் 2011-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது.

மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கைக் கொடுப்பது இன்னொரு தவறு. தண்ணீர் கலந்து வைத்த அமாக்சிசிலின் சிரப் பொதுவாக ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும். குழந்தைகளுக்கு வரும் காய்ச்சலில் பெரும்பங்கு வைரஸால் வருவது; அதில் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலையே இல்லை. இரண்டு வேளை மட்டும் கொடுத்து நிறுத்தினால், உண்மையிலேயே பாக்டீரியா தொற்று இருந்தாலும் அதை மூடி மறைத்துவிடும். பிறகு எடுக்கும் பரிசோதனைகளும் குழப்பும்.

தொட்டுப் பார்ப்பதும் துடைத்துவிடுவதும்

புறங்கையால் நெற்றியைத் தொட்டால் சுடுகிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. 150, 200 ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதுமானது. அக்குள் வியர்வையைத் துடைத்துவிட்டு, முனை அக்குளின் நடுக்குழியில் தோலோடு ஒட்டும்படி வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, பீப் சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும். முனை சட்டையில் பட்டாலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அளவு குறைத்துக் காட்டும். குளித்த உடனேயோ போர்வைக்குள்ளிருந்து எடுத்த உடனேயோ பார்க்காமல் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். அக்குளில் 99.5 டிகிரி, அதாவது 37.5 செல்சியஸ், அதற்கு மேல் போனால் காய்ச்சல். நெற்றிக்கு நேரே நீட்டும் துப்பாக்கி வகை, ஃபேன் காற்றிலும் வெயிலிலிருந்து வந்த உடனும் தாறுமாறாகக் காட்டும்.

103 வந்துவிட்டால் மூளை பாதிக்கும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. சாதாரணத் தொற்றுக் காய்ச்சலின் சூடு மட்டும் மூளையைக் கெடுப்பதில்லை. 103-இல் பொம்மையோடு விளையாடுகிற குழந்தையைவிட, 100.5-இல் துவண்டு கிடந்து கண்ணைத் திறந்து பார்க்காத குழந்தைதான் கவலைக்குரியது. மருந்து வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். செய்தாலும் ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கும். 103 என்பது 101 ஆனால் மருந்து கேட்டிருக்கிறது என்று பொருள். நன்றாகத் தூங்கும் குழந்தையை மருந்துக்காக எழுப்ப வேண்டியதில்லை.

ஐஸ் ஒத்தடம், ஃபிரிட்ஜ் தண்ணீர், வினிகர், கொலோன் இவற்றையெல்லாம் விட்டுவிட வேண்டும். காய்ச்சலின்போது மூளையிலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையமே அளவை உயர்த்தி வைத்திருக்கிறது. குளிர்ந்த நீர் பட்டதும் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், குழந்தை நடுங்கும், நடுக்கத்தில் உள்சூடு இன்னும் ஏறும். கொலோனில் உள்ள ஆல்கஹால் பிஞ்சுத் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். துடைத்துவிட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் பாராசிட்டமால் கொடுத்து அரை மணி கழித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துணியால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, முதுகு என்று பத்து நிமிடம். குழந்தை அழுதாலோ நடுங்கினாலோ நிறுத்திவிடுங்கள். நெற்றியில் மட்டும் ஈரத்துணிப் பத்து போடுவதால் கேடில்லை, பலனும் அதிகமில்லை.

ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், மேலே கம்பளி, ஜன்னலைச் சாத்தி ஃபேனையும் நிறுத்துவது: வெளியேற வேண்டிய சூடு உள்ளேயே தங்கிவிடும். ஒற்றைப் பருத்திச் சட்டை, மெதுவாகச் சுற்றும் ஃபேன். நடுங்கும் நேரத்தில் மட்டும் ஒரு மெல்லிய போர்வை.

பட்டினி போடுவது

“லங்கணம் பரம ஔஷதம்” பெரியவர்களுக்குப் பொருந்தலாம். பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் தண்ணீர்ச் செலவும் சக்திச் செலவும் கூடுகிறது. பிரெட்டும் பிஸ்கட்டும் மட்டும்தான் ஜுரத்துக்கு ஆகும் என்பதற்கு ஆதாரமில்லை. இட்லி, ரசம் சாதம், குழைவான பருப்பு சாதம், மோர், முட்டை, குழந்தை கேட்பது எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்க வேண்டும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் சமாளிக்கலாம். குடிக்காவிட்டால் சமாளிக்க முடியாது.

வாந்தி, பேதியும் சேர்ந்தால் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் ‘கொஞ்சம் பொடி’ போட்டால் உப்பின் அளவு தவறும். உப்பு கூடினால் அதுவே ஆபத்து. சின்னக் குழந்தைக்கு 200 மி.லி. பாக்கெட் வசதி. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அட்டைப்பெட்டியில் வரும் பழச்சுவை பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்காதீர்கள். அவற்றில் சர்க்கரை அதிகம், பேதியைக் கூட்டும். அந்தப் பெயரை அப்படிப்பட்ட பானங்களில் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடுவது

எல்லாவற்றிலும் இதுதான் பெரிய தவறு. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் இறங்கும்போது வருகிறது. ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும், ரத்தம் கெட்டியாகும், ரத்த அழுத்தம் இறங்கும். உடம்பு குளிர்ந்துவிட்டதே என்று பள்ளிக்கு அனுப்புகிற நாளில்தான் இது நடக்கிறது. காய்ச்சல் விட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருத்த மலம், கைகால் சில்லென்றிருப்பது, காரணமில்லாத எரிச்சலும் சோர்வும், சிறுநீர் குறைவது: ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் கொடுத்துக்கொண்டு அந்த நேரத்தைக் கடத்திவிடக் கூடாது. ரிப்போர்ட்டில் தட்டணு எண்ணிக்கையை மட்டுமே எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே பி.சி.வி. என்று ஓர் எண் இருக்கும்; ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்பது அது. தட்டணு இறங்க இறங்க அது ஏறினால் நீர் கசிகிறது என்று பொருள்.

இதனால் காய்ச்சல் தொடங்கிய தேதியும் நேரமும் குறித்து வைப்பது முக்கியம். டெஸ்ட்டுகளுக்கும் நாள் கணக்கு உண்டு. டெங்கு என்.எஸ்.1 முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால் பயன். டைபாய்டுக்கான விடால் டெஸ்ட்டை முதல், இரண்டாம் நாளில் எடுப்பது காசுக்குக் கேடு.

ஐந்து நாள் தாண்டியும் விடாத காய்ச்சலுக்கு, குழந்தையை நல்ல வெளிச்சத்தில் துணியில்லாமல் ஒருமுறை முழுக்கப் பாருங்கள். காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, தொப்புள், ஜட்டி எலாஸ்டிக் பதியும் இடம். சிகரெட் சுட்டது போல் வலிக்காத கருப்புப் பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸாக, அதாவது உண்ணி போன்ற சிறு பூச்சி கடித்து வரும் பாக்டீரியா காய்ச்சலாக இருக்கலாம். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர் மாதங்களிலும் அடிக்கடி வருவது. சரியான மருந்து கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் அடங்கிவிடும். கவனிக்காமல் விட்டால் நுரையீரலையும் மூளையையும் தாக்கும்.

பல் முளைப்பதால் 100.4-க்கு மேல் காய்ச்சல் வராது. சளி, இருமல் எதுவுமில்லாமல் சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் நீடித்தால் சிறுநீர்ப் பரிசோதனை தேவை. சிறுநீர்த் தொற்று அப்படித்தான் ஒளிந்திருக்கும். திருஷ்டி கழிப்பதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது, கழித்துவிட்டு டாக்டரிடம் போகலாம். உரம் எடுக்கிறேன் என்று உருட்டுவதும், தொக்கம் எடுக்கிறேன் என்று வயிற்றை அமுக்குவதும் அப்படியல்ல. நெஞ்சில் கற்பூர எண்ணெய் தடவுவதும் வேண்டாம். கற்பூரம் உடம்பில் ஏறினால் கைக்குழந்தைக்கு வலிப்பு வரும். சாம்பிராணிப் புகை மூச்சுத்திணறலைக் கூட்டும்.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை

மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரி. வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கும் வயதல்ல அது. தடுப்பூசி போட்டு ஒன்றிரண்டு நாளில் வரும் காய்ச்சலுக்கு, ஊசி போட்ட இடத்திலேயே எடை சொல்லி அளவை மில்லியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய குழந்தைகளில், எதையும் குடிக்க முடியாமை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், கழுத்து விறைப்பு, உச்சிக்குழி புடைப்பு, அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாதது. மூச்சை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்: இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40, அதைத் தொட்டாலோ விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

ஜன்னி என்று சொல்லும் காய்ச்சல் வலிப்பு ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் வருவது. கையில் சாவியைத் திணிப்பது, பல்லுக்கிடையே கரண்டி வைப்பது, வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றுவது, கைகாலை அமுக்கிப் பிடிப்பது எதுவும் கூடாது. தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துச் சட்டையைத் தளர்த்தி, எச்சில் வெளியே வழிய விட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. முதல் தடவை வந்த வலிப்பு ஒரே நிமிடத்தில் நின்றுவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூளைக்காய்ச்சல் இல்லை என்பதை அவர் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.