பழைய வரைபடத்தில் ஜாட் மக்களைத் தேடும்போது செய்யும் தவறுகள்

பதினெட்டாம் நூற்றாண்டு வரைபடம் ஒன்றில் ஆக்ராவுக்குப் பக்கத்தில் 'ஜாட்' என்ற பெயரைப் பார்த்ததும், வட இந்திய உழவர் சமூகமான ஜாட் மக்கள் வாழ்ந்த எல்லை இதுதான் என்று கோடு போட்டுவிடுகிறார்கள். எல்லாவற்றையும் கெடுக்கும் தவறு இது. அந்தப் பெயர் சொல்வது யார் ஆண்டார்கள் என்பதைத்தான். 1763இல் ஜாட் அரசர் சூரஜ் மல் இறந்தபோது அவருடைய பரத்பூர் அரசு ஆக்ராவையும் சேர்த்து விரிந்திருந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஆக்ராவும் டீக் கோட்டையும் முகலாயத் தளபதி நஜஃப் கானிடம் போயின. ஆட்சி கைமாறினால் படத்தில் பெயர் மாறும், அதற்காக உழுகிறவர் ஊரைக் காலி செய்துவிட மாட்டார்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். பஞ்சாப் பக்கத்துப் பட்டியாலா, நாபா, ஜீந்த் அரச குடும்பங்கள் ஜாட் சீக்கியர்கள். ஆனால் படங்களில் அந்தப் பகுதி 'சீக்கியர்' என்றே இருக்கும். 'ஜாட்' என்று மட்டும் தேடுகிறவருக்கு அது கண்ணில் படாது. இன்றைய ஹரியானாவில் ஜாட்டுகள் நிறைந்த ரோத்தக், பிரிட்டிஷ் படங்களில் வெறும் மாவட்டப் பெயர்தான்.

எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். பரத்பூர் 'பர்ட்பூர்', 'பர்ட்போர்' என்றெல்லாம் வரும். ஓரத்தில் அச்சான ஆண்டை விட்டுவிட்டு, அளந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மக்களைத் தேட வேண்டிய இடம் வருவாய்க் கிராமப் படம். அங்கே கலான், குர்த் (பெரியது, சின்னது) என்று ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் வரும். பஞ்சாப், ஹரியானாவில் பெயரை விட்டுவிட்டு, தாலுகாவோடு சேர்த்து ஹத்பஸ்த் எண்ணை (ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் உள்ள வரிசை எண்) பிடியுங்கள். 'ஷஜ்ரா' என்று கேட்டு வாங்கும்போதும் கவனம் தேவை: ஷஜ்ரா கிஷ்த்வார் வயல் படம், ஷஜ்ரா நஸப் நில உடைமையாளர்களின் வம்சாவளி. எந்தக் கோத்திரம் அந்த ஊரில் எப்படிக் கிளைத்தது என்று பார்க்க இரண்டாவதுதான் வேண்டும்.

வயல் படத்தில் அளவு பெரும்பாலும் 1 அங்குலத்துக்கு 40 கரம் (கரம் என்பது நிலம் அளக்கும் நீள அலகு). ஆனால் கரம் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. கில்லாபந்தி (நிலத்தைச் செவ்வகக் கட்டங்களாகப் பிரிப்பது) நடந்த ஊரில் ஒரு கரம் 66 அங்குலம். 40 கரம் நீளம், 36 கரம் அகலம் என்றால் சரியாக 1 ஏக்கர், படத்தில் 1 அங்குல நீளம், 0.9 அங்குல அகலக் கட்டமாகத் தெரியும். கட்டமில்லாமல் கோணல்மாணலாக வயல்கள் இருந்தால் கரம் சுமார் 57 அங்குலமாக இருக்கலாம். அதை 66 என்று எடுத்துக் கணக்கிட்டால் பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். படத்தின் ஓரக்குறிப்பைப் படிக்காமல் ஸ்கேலை வைக்காதீர்கள்.

பழைய படத்தை இன்றைய படத்தின்மேல் பொருத்தும்போது யமுனைக் கரையைப் பிடிமானமாக எடுக்காதீர்கள். ஆறு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. கோட்டை மூலை, கோஸ் மினார் (முகலாயர் காலத்துச் சாலையோரத் தூரக் கம்பம்), பழைய குளம் என்று குறைந்தது ஆறு புள்ளிகளை நான்கு ஓரங்களிலும் பரப்பி எடுங்கள். பழைய சர்வே தாள்களின் தீர்க்கரேகை, சென்னை வானாய்வகத்தின் அன்றைய மதிப்பைக் கொண்டு கணித்தது. இன்றைய மதிப்பிலிருந்து சில நிமிடங்கள் விலகும். பரத்பூர் அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஏறக்குறைய 1.65 கிலோமீட்டர், அதாவது பக்கத்து ஊருக்கே போய்விடும்.