கறுப்பெல்லாம் காக்கா இல்லை: கோலாலம்பூரில் காக்கைக் குடும்பத்தை அடையாளம் காண்பது எப்படி?

சனிக்கிழமை தவறாமல் அம்மா பின்புறச் சுவரில் சோறு வைத்துக் "கா, கா" என்று கூப்பிடுவார். "பாட்டி, இது எந்தக் காக்கா?" என்று ஒருநாள் என் மகள் கேட்டாள். காக்காவில் எந்தக் காக்கா என்று வேறு இருக்கிறதா? எனக்கும் தெரியவில்லை. அப்படித்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ்), கைப்பேசி, சின்ன நோட்டு போதும். முதல் படிக்குப் பைனாகுலர்கூட வேண்டாம்.

படி 1: ஒரு வாரம் வீட்டுக் காகத்தை மட்டும் பாருங்கள்

இதை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் இதோடு ஒப்பிட்டுத்தான் அடையாளம் காணப்போகிறோம். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஏதாவது ஒரு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக்கொண்டு உட்காருங்கள், அதுவே வரும். நெற்றி, தொண்டை, இறக்கை எல்லாம் பளபளக்கும் கறுப்பு. கழுத்தும் மார்பும் மட்டும் சாம்பல்.

இங்கே ஒரு சிக்கல். வட இந்தியப் படங்களில் அந்தச் சாம்பல் வெளிறித் தெரியும், நம் ஊரில் அடர்ந்திருக்கும். காரணம், இவை இலங்கைக் காக்கைகளின் வம்சம். 1890களில் கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழுக்களைத் தின்னட்டும் என்று கொண்டுவந்து விட்டார்கள். புழுவை விட்டு ஊரையே பிடித்துக்கொண்டன! நிழலில் இருந்தாலோ மழையில் நனைந்திருந்தாலோ சாம்பல் தெரியவே தெரியாது. வெயில் பக்கம் திரும்பும்வரை காத்திருங்கள்.

அலகின் பருமன், குரல், உட்காரும் இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: அண்டங்காக்கை

கழுத்தில் சாம்பல் இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பினால் மழைநாளில் ஏமாறுவீர்கள். அலகைப் பாருங்கள்: தடித்து, மேற்பகுதி நன்றாக வளைந்திருக்கும். அலகு முடியும் இடத்தில் நெற்றி படிக்கட்டுபோல் செங்குத்தாக எழும். வீட்டுக் காகத்தின் 'கா' வறண்டு மெலிந்தது. இதுவோ நெஞ்சுக்குள்ளிருந்து கரகரத்து வரும்.

நகருக்குள் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம். காட்டு ஓரங்கள், கோலசிலாங்கூர் போன்ற கடலோரச் சதுப்புநிலக் காடுகள்தான் இதற்கு ஏற்ற இடம். மெல்லிய அலகுள்ள இன்னொரு கறுப்புக் காட்டுக் காகமும் உண்டு. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

படி 3: வேடதாரிகளைக் கழியுங்கள்

எங்கள் மாமரத்தில் ஒரு கறுப்புக் குஞ்சுக்குக் காக்கா ஊட்டிக்கொண்டிருந்தது. காக்கா ஊட்டினால் அது காக்காக் குஞ்சுதானே என்று எழுதிவைத்தேன். வளர்ந்து பார்த்தால் குயில்! காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடும் என்று பள்ளியிலேயே படித்தவன்தான் நான். ஆண் குயிலுக்குச் சிவந்த கண், வெளிறிய பச்சை அலகு, நீண்ட வால்.

ஜாவா மைனாவை மஞ்சள் அலகும் மஞ்சள் காலும் காட்டிக்கொடுக்கும். வால் நுனியில் இரண்டு துடுப்புகள் தொங்கினால் அது துடுப்புவால் கரிச்சான். மூன்றுமே வேறு குடும்பங்கள்.

படி 4: காக்கா போலவே இல்லாத காக்கைகள்

தாமான் நெகாரா தேசியப் பூங்கா போன்ற தாழ்நிலக் காடுகளில் கறுப்பு மேக்பை என்ற காக்கைக் குடும்பப் பறவை இருக்கிறது. நீண்ட வால், சிவந்த கண், நெற்றியில் சிலிர்த்த கொண்டை, இறக்கையில் வெள்ளைப் பட்டை. இலைகளுக்குள்ளேயே நடமாடும் என்பதால் முதலில் காதுதான் அதைக் கண்டுபிடிக்கும். குரல் கேட்டதும் கைப்பேசியில் பதிவு செய்துவிடுங்கள், அப்புறம் தேடலாம்.

எனக்குப் பிடித்தது பச்சை மேக்பை. பச்சை உடம்பு, கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை, சிவந்த அலகு, செம்பழுப்பு இறக்கை. இதையும் காக்கா என்றால் அம்மா நம்ப மாட்டார். அந்தப் பச்சைக்கு இரையிலிருந்து கிடைக்கும் மஞ்சள் நிறமிதான் காரணம். கூண்டில் அது கிடைக்காவிட்டால் நீலமாக வெளுத்துவிடும்.

இதற்கு மலையேற வேண்டும். பிரேசர் மலைக்கு முந்தைய நாளே போய்த் தங்கிவிடுங்கள். விளக்குகளைச் சுற்றி இரவில் மொய்த்த விட்டில்களைத் தின்னப் பறவைகள் விடியலில் வரும். ஏழு மணிக்கு முன்பே ஏதாவது ஒரு விளக்குக் கம்பத்துக்குச் சற்றுத் தள்ளி, பேசாமல் நில்லுங்கள்.