'டவுட்': ஒலிப்பும் பயன்பாடும்

வகுப்பில் கை தூக்கி "சார், ஒரு டவுட்டு" என்று கேட்கும் மாணவர், ஆங்கிலம் படிப்பவர்கள் தடுமாறுகிற ஓர் இடத்தைத் தம்மையறியாமலே தாண்டிவிடுகிறார். டி, ஓ, யூ, பி, டி என்று எழுதப்படும் இச்சொல்லில் நான்காம் எழுத்தாகிய பி ஒலிப்பதே இல்லை. காதால் கேட்டுப் பழகியவர்கள் இதில் பிழை செய்வதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் சிலருக்கு 'டவுப்ட்' என்று வாயில் வருகிறது.

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இச்சொல்லில் பி கிடையாது. பிற்காலத்தில் இலத்தீன் கற்றவர்கள், 'துபிதாரே' என்ற மூலச்சொல் எழுத்திலாவது தெரியட்டும் என்று அதைச் செருகினார்கள். மக்களோ முன்பு போலவே பேசிக்கொண்டிருந்தார்கள். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் உள்ள பி-யும் இப்படி நுழைந்ததுதான். 'துபிதாரே' என்ற அந்த இலத்தீன் சொல் 'இரண்டு' என்னும் பொருளுடைய சொல்லோடு உறவுடையது. முடிவெடுக்க இயலாதபோது நாமும் "ரெண்டு மனசா இருக்கு" என்றுதானே சொல்கிறோம்!

ஒலிப்பில் நாம் திருத்திக்கொள்ள வேண்டியவை வேறு இடங்களில் உள்ளன. தமிழ் டகரத்துக்கு நாக்கு நுனி மேல்நோக்கி மடங்குகிறது. ஆங்கில ஒலிக்கு அவ்வளவு மடங்கக் கூடாது. 'மன்னன்' என்று சொல்லி, நடுவிலுள்ள 'ன்' ஒலியில் நிறுத்திப் பாருங்கள். மேற்பற்களுக்குச் சற்றுப் பின்னால், பல் ஈறு மேடாக இருக்கும் இடத்தில் நாக்கு நுனி நிற்கும். அங்கிருந்தே சொல்லைத் தொடங்குங்கள். முதல் ஒலி 'வண்டி'யில் வருவது போல அதிர்வுடனும், கடைசி ஒலி 'வட்ட'த்தில் வருவது போல அதிர்வின்றியும் இருக்க வேண்டும். நடுவில் வகரம் தலைகாட்டினால் 'ட-வுட்' என ஈரசையாகிவிடும்; ஆகவே வாயை ஆகாரத்துக்குத் திறந்து, இதழ்களைக் குவித்தபடி ஒரே மூச்சில் உகரத்துக்கு வழுக்கிச் செல்லுங்கள். இறுதியில் நாம் வழக்கமாகச் சேர்க்கும் உகரத்தையும் விட்டுவிட வேண்டும்.

பொருளில் நேரும் பிழை ஒலிப்புப் பிழையைவிடக் கூடுதலாகத் தொல்லை தரக்கூடியது. தமிழில் 'சந்தேகம்' என்ற ஒரே சொல் இரு திசைகளிலும் பாய்கிறது: "அவர் வருவாரா என்பது சந்தேகம்" என்றால் வரமாட்டார் என்று எண்ணுகிறோம், "அவன்தான் எடுத்திருப்பானோ என்று சந்தேகம்" என்றால் எடுத்திருப்பான் என்று எண்ணுகிறோம். ஆங்கிலத்தில் முன்னதற்கு 'டவுட்', பின்னதற்கு 'சஸ்பெக்ட்'. என்னிடம் படித்த ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்த புதிதில், சர்வர் செயலிழந்திருக்கும் என்று ஐயுற்று, "ஐ டவுட் த சர்வர் இஸ் டவுன்" என்று வெளிநாட்டுச் சக ஊழியருக்கு எழுதினார். சர்வரில் கோளாறு இருக்காது என்று அவர் சொல்வதாகவே எதிர்முனையில் இருந்தவர் புரிந்துகொண்டு, அதைத் தொடாமல் மற்ற இடங்களில் தேடிக்கொண்டிருந்தார். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லாத வாக்கியம் என்பதால்தான் அந்தப் பிழை எவர் கண்ணிலும் படவில்லை.

கேள்வி கேட்க விரும்பும்போது "ஐ ஹேவ் எ டவுட்" என்பது இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிய வழக்கு. நம் வகுப்பறைகளில் அதைத் தவறென்று கண்டிக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ ஒருவர் பேசி முடித்ததும் அப்படிச் சொன்னால், அவர் கூறியதை நீங்கள் ஏற்கவில்லை என்று தோன்றிவிடும். அங்கே "ஐ ஹேவ் எ குவெஸ்சன்" என்பதே பொருத்தம். "மழை வருமா?" என்று கேட்பவருக்கு "ஐ டவுட் இட்" என்று விடை சொன்னால், வராது என்றே நினைக்கிறேன் என்பது பொருள்.

எழுதும்போது தயக்கம் வந்தால், அந்த இடத்தில் தமிழில் 'என்று நான் நம்பவில்லை' என்பதை வைத்துப் பாருங்கள். சொல்ல வந்த கருத்து அப்படியே நின்றால் 'டவுட்' என எழுதலாம்; தலைகீழானால் 'சஸ்பெக்ட்' என எழுதுங்கள்.