பக்கவாட்டு உதையில் தள்ளாட்டம் நின்றது இப்படித்தான்

கராத்தேயில் பக்கவாட்டு உதை, அதாவது யோகோ கெரி, எனக்கு நெடுநாள் தொல்லை. முழங்காலைத் தூக்கும்வரை சரி. காலை நீட்டியதும் உடம்பு எதிர்ப்பக்கம் சரியும். தொடைக்கு வலு கூட்டியும் பெரிய பலன் இல்லை.

சுவர்தான் கைகொடுத்தது. பக்கத்தில் நின்று உள்ளங்கையை ஊன்றி, உதையை மிக மெதுவாகச் செய்தேன். வேகம் இல்லாததால் கோளாறு பளிச்சென்று தெரிந்தது: ஊன்றிய பாதம் திரும்பவே இல்லை. குதிகால் இலக்கின் பக்கம் திரும்பினால்தான் இடுப்பு திறக்கும். அதைச் சரிசெய்ததும் பாதித் தள்ளாட்டம் போய்விட்டது.

அப்புறம் உள்ளங்கைக்குப் பதில் விரல் நுனி மட்டும். நுனி எடையைத் தாங்காது. ஆனால் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லிவிடும். ஆட்டத்தைக் குறைக்க அதுவே போதும். இந்தக் கட்டத்தில் அவசரப்படாமல் இருந்தது நல்லதாயிற்று.

நாற்காலியின் முதுகையும் பிடிக்கலாம், கனமானதாக இருந்தால். லேசான பிளாஸ்டிக் நாற்காலி நம்மோடு சேர்ந்து விழும். சக்கரம் வைத்தது என்றால் கேட்கவே வேண்டாம்.

இப்போது கை சுவரைத் தொடாமல் அருகில் மட்டும் இருக்கிறது. களைத்தால் விரல் தானாகச் சுவரைத் தேடும். அத்துடன் அன்றைய உதைகளை நிறுத்திவிடுவேன்.