ஸ்லோ குக்கரில் பயறு சூப்: அடுப்பின் வேலையைத் தணலிடம் கொடுக்காதீர்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு பயறு சூப்தான். ராஜ்மா, கேரட், சின்ன வெங்காயம், பூண்டு, தூக்கலாக நல்லமிளகு. தை மாதமென்றால் சிறுகிழங்கும் சேரும். கரண்டில் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் ஆறேழு மணி நேரம் கிடந்து, பயறு உடையாமல் வெண்ணெய் மாதிரி வெந்து, சாறு தானாகவே கெட்டிப்பட்டிருக்கும். ஒரு கிண்ணம் குடித்தால் வேறு வெஞ்சனம் தேட வேண்டாம்.

ஆனால் முதல் தடவை நான் இதைச் செய்தபோது வீடே படுத்துவிட்டது. ராஜ்மாவை ராத்திரி ஊறவைத்தேன். காலையில் அப்படியே அள்ளி ஸ்லோ குக்கரில் போட்டு, காய்கறி, தண்ணீர், உப்பு சேர்த்து, குறைந்த சூடான 'லோ'வில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் பார்த்தால் பயறு விரலில் நசுங்கியது. அத்தை மட்டும் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "வெந்த மாதிரிதான் இருக்கு, ஆனா ஏதோ பச்சை வாடை அடிக்கே" என்றார்கள். நான் காதில் வாங்கவில்லை. எட்டு மணிக்குச் சாப்பிட்டோம். பத்து மணிக்கு மகன் வாந்தி எடுத்தான். பிறகு அத்தை, பிறகு நான். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. விடிவதற்குள் எல்லோருக்கும் நின்றுவிட்டது. மத்தியானம் சாப்பிட்ட மீனைத்தான் முதலில் சந்தேகப்பட்டோம். காரணம் சூப் என்று எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது.

மற்ற தவறுகளில் சூப் கெடும். இந்த ஒன்றில் உடம்பு கெடும். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பச்சை ராஜ்மாவை நேராகப் போடுவது

சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்றொரு புரதம் உண்டு. லெக்டின் வகையைச் சேர்ந்தது. பல பயறுகளில் இது இருந்தாலும் சிவப்பு ராஜ்மாவில்தான் மிக அதிகம். வெள்ளை ராஜ்மாவில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். பச்சையாக நாலைந்து பயறு தின்றாலே போதும், 1 முதல் 3 மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்துவிடும். பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும் என்றாலும், வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் உள்ள வீட்டில் அந்த மூன்று நான்கு மணி நேரம் சாதாரணமில்லை.

இந்தப் புரதம் 100 டிகிரி கொதிநிலையில் 10 நிமிடத்தில் அழிந்துவிடும். பயற்றின் நடுவரைக்கும் அந்தச் சூடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக 30 நிமிடம் கொதிக்கவைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாக அமைப்பு. ஸ்லோ குக்கரில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், அது பெரும்பாலும் கொதிநிலையைத் தொடுவதே இல்லை. ஸ்லோ குக்கரில் சமைத்த பதார்த்தங்களைச் சோதித்துப் பார்த்தபோது உள்ளே 75 டிகிரியைக்கூட எட்டாத நேரங்கள் உண்டு. அரைகுறைச் சூட்டில் இந்த நச்சு குறைவதற்குப் பதிலாகக் கூடும்: 80 டிகிரியில் வெந்த ராஜ்மா, பச்சை ராஜ்மாவைவிட ஐந்து மடங்கு வரை கெடுதல் செய்யலாம். பயறு மெத்தென்று இருப்பதால் வெந்துவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம். மெத்தென்று ஆவதற்கு 80 டிகிரி போதும். நச்சு போவதற்குப் போதாது. அத்தையின் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, அடுப்பில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றுங்கள். பிரஷர் குக்கரில் இரண்டு மூன்று விசில் விட்டு எடுத்தாலும் சரிதான்; அதற்குள் இருக்கும் சூடு 100 டிகிரிக்கும் மேலே. டின்னில் வரும் பயறு ஏற்கெனவே வெந்தது, அதற்கு இந்தப் பாடு இல்லை. காய்ந்த மொச்சை போடுவதாக இருந்தாலும் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது நல்லது.

பிரஷர் குக்கரில் வைத்த பிறகு ஸ்லோ குக்கர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பிரஷர் குக்கரில் முழுசாக வேகவிட்டால் ராஜ்மாவின் தோல் கிழிந்து, சாறு குழம்பி, எல்லாம் ஒரே ருசியாகிவிடும். பாதி வேக்காட்டில் எடுத்து மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக விடும்போது பயறு முழுசாக நிற்கும். பூண்டின் வாசம் அதற்குள்ளே இறங்கும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. ஆச்சி காருகுறிச்சி மண்சட்டியில் காணம் (கொள்ளு) வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் விறகைத் தள்ளி நல்ல எரிப்பு எரிப்பாள். நுரை பொங்கி அடங்கி நன்றாகக் கொதித்த பிறகுதான் விறகை இழுத்துவிட்டுத் தணலில் விடுவாள். ஸ்லோ குக்கர் என்பது அந்தத் தணல். எரிப்பு நம் கையில்தான் இருக்கிறது. இந்தச் சாதனத்தைக் கண்டுபிடித்த இர்விங் நாக்ஸனுக்கும் கதை வீட்டிலிருந்துதான் கிடைத்தது. லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளுக்கு முந்திய மாலையில் பயறுச் சட்டியை ஊர் ரொட்டிக்கடைக்குக் கொடுத்தனுப்புவார்களாம். தணியும் அடுப்பின் சூட்டில் அது விடிய விடிய வேகுமாம். அம்மா சொன்ன இந்தக் கதையை வைத்து அவர் செய்த சாதனத்துக்கு 1940-ல் காப்புரிமை கிடைத்தது. பயற்றுக்கென்றே பிறந்ததால் 'நாக்ஸன் பீனரி' என்று பெயர். 1971-ல் ரைவல் நிறுவனம் அதையே 'கிராக்பாட்' என்று விற்றபோதுதான் உலகம் முழுக்கப் பரவியது.

எட்டு மணி நேரமாகியும் வேகாத பயறு

இந்தப் புகாருக்குக் காரணம் பெரும்பாலும் குக்கர் இல்லை. மூன்று இடத்தில் பார்க்க வேண்டும்.

முதலாவது தண்ணீர். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ராஜ்மா. தாமிரபரணித் தண்ணீர் வரும் எங்கள் வீட்டில் வெந்துவிட்டது. ஊருக்கு வெளியே புதிதாக வீடு கட்டிப் போன மதினி வீட்டில், போர் தண்ணீரில், கல்லு மாதிரி கிடந்தது. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பயற்றின் தோலிலும் சதையிலும் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளோடு சேர்ந்து இறுகிவிடும். உங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படை கட்டுகிறதென்றால் அந்தத் தண்ணீரில் பயறு ஊறவைக்கவும் வேண்டாம், வேகவைக்கவும் வேண்டாம். ஆற்றுத் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வழியில்லையென்றால் ஒரு சிட்டிகை ஆப்பசோடா உதவும். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், பயற்றில் உள்ள பி1 வைட்டமினும் வீணாகும்.

இரண்டாவது புளிப்பு. தக்காளியையும் புளியையும் ஆரம்பத்திலேயே போட்டால் பயறு அந்த நிலையிலேயே நின்றுவிடும். அமிலம் பெக்டினைக் கரையவிடாது. அடுப்பில் கொதிக்கும்போதாவது ஓரளவு சமாளிக்கலாம். ஸ்லோ குக்கரின் மெல்லிய சூட்டில் வாய்ப்பே இல்லை. பயறு முழுக்க வெந்த பிறகு, இறக்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் தக்காளி. எலுமிச்சம்பழமென்றால் கிண்ணத்தில் ஊற்றிய பிறகு.

மூன்றாவது, பயற்றின் வயசு. நம்மூர் வெயிலில் மூட்டையில் பல மாதம் கிடந்த பயறு என்ன செய்தாலும் மெத்தென்று ஆகாது. சூடும் ஈரக்காற்றும் சேர்ந்து உள்ளேயே இறுக்கிவிடும். தோல் சுருங்கி, நிறம் மங்கி, ஊறவைத்தும் பாதி பயறு உப்பாமல் கிடந்தால் அது பழசு. அதைச் சூப்புக்கு எடுக்காதீர்கள். பழசையும் புதுசையும் ஒரே டப்பாவில் கொட்டிவைக்காமல் இருந்தாலே இந்தத் தொல்லையில் பாதி குறையும். அதே மாதிரிதான் நாலு பயறைக் கலந்து போடுவதும்: தட்டைப்பயறு குழைந்து கூழாகும்போது கொண்டைக்கடலை பல்லில் கடிபடும். கலக்க ஆசையென்றால் தனித்தனியாகக் கொதிக்கவைத்து, பாதி வெந்த பிறகு ஒன்றாக்குங்கள்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. முதலிலேயே உப்புப் போட்டால் பயறு வேகாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நானும் பல வருஷம் நம்பினேன். உண்மை நேர்மாறானது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு போட்டு ஊறவைத்தால், உப்பில் உள்ள சோடியம் தோலிலிருக்கும் கால்சியத்தை வெளியேற்றி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தோல் இளகும், வெடிக்காமல் வேகும். அந்தத் தண்ணீரைத்தான் கொட்டிவிடுகிறோமே, அதனால் சூப்பில் உப்பு கூடிவிடாது. போர் தண்ணீரைக் கெடுப்பது அதிலுள்ள சுண்ணாம்பு. நாம் சோற்றுக்குப் போடும் உப்பு அந்த வேலையைச் செய்யாது.

ஊறவைப்பதிலும் ஊருக்கேற்ற கவனம் வேண்டும். குளிர் தேசத்துக் குறிப்புகளில் 'இரவு முழுக்க' என்று எழுதியிருப்பார்கள். சித்திரை, வைகாசியில் இங்கே அடுப்பங்கரையில் 12 மணி நேரம் வைத்தால் மேலே நுரை கட்டி, புளித்த வாடை அடிக்கும். எட்டு மணி நேரம் போதும். நடுவில் ஒரு தடவை தண்ணீர் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அளவும் மூடியும்

பாத்திரத்தில் பாதிக்குக் குறையாமல், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். தண்ணீரை அடுப்புச் சமையல் கணக்கில் ஊற்றாதீர்கள். மூடியில் படும் ஆவி திரும்ப உள்ளேயே சொட்டிவிடும், வற்றவே வற்றாது. கால் கிலோ ராஜ்மா கொதித்து வந்த பிறகு காய்கறியோடு சேர்த்து, பயற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும் அளவு போதும். ஊற்றும் தண்ணீர் சூடாக இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதித்த பயறு ஆறி, மறுபடி சூடேற ஒன்றிரண்டு மணி நேரம் போய்விடும். பீங்கான் பாத்திரத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேராகச் சூட்டில் வைக்காதீர்கள், விரிசல் விடும்.

கிழங்கு அடியில், ஓரத்தை ஒட்டி. சூடு வருவது அங்கிருந்துதான். மேலே மிதக்கவிட்ட சிறுகிழங்கு கடைசிவரை நறுக்கென்றே இருக்கும். மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் இழந்த சூடு திரும்ப 15, 20 நிமிடம் ஆகும்.

கரண்டும் பிளக்கும்

அமெரிக்காவிலிருந்து அண்ணன் தம்பி கொண்டுவந்த ஸ்லோ குக்கர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் 200 வாட்டுக்குச் செய்த சூடேற்றி 700 வாட்டுக்கு மேல் இழுக்கும். கருகிவிடும், தீயும் பிடிக்கலாம். அதற்கு வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. துபாய், சவூதியிலிருந்து வாங்கி வந்தால் அடியில் 220-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிளக்குக்கு அடாப்டர் போட்டுக்கொள்ளலாம்.

பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளைப் பேப்பரில் போடுவார்கள். அன்றைக்குக் குக்கரைப் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். வேகும் நடுவில் கரண்ட் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெதுவெதுப்பில் கிடந்த சூப்பைக் கொட்டிவிட வேண்டியதுதான். திரும்பக் கொதிக்கவைத்தாலும் சில கிருமிகள் விட்டுப்போன நச்சு அப்படியே இருக்கும். பட்டன் வைத்த மாடல்கள் பல, கரண்ட் வந்ததும் தானாக ஓடாது. திருகும் மாடல் ஓடும். நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் நடுவில் நின்றதே தெரியாது. நான் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருக்கும்போதுதான் வைக்கிறேன்.

கடைசி அரை மணி

நல்லமிளகையும் சீரகத்தையும் காலையிலேயே போட்டால் சாயங்காலம் வாசம் இருக்காது. பொடித்து வைத்திருந்து கடைசியில் போடுங்கள். தாளிசமும் அப்படித்தான்: தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, நசுக்கிய இரண்டு சின்ன வெங்காயம். தேங்காய்ப் பால் சேர்ப்பவர்கள் மறுவீட்டுப் பந்தியில் சொதி வைக்கும் பக்குவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தலைப்பால் கொதிக்கக் கூடாது. குக்கரை அணைத்துவிட்டு, சூடு கொஞ்சம் தணிந்ததும் ஊற்றிக் கிளறினால் திரியாது.

மிச்சத்தைக் குக்கரிலேயே 'வார்ம்'மில் விடிய விடிய விடாதீர்கள். அந்தக் கனத்த பீங்கானோடு ஆறவும் வைக்காதீர்கள். நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும். அகலமான இரண்டு பாத்திரத்தில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அது களி மாதிரி இறுகியிருக்கும். ஒரு டம்ளர் வெந்நீர் விட்டு, ஸ்லோ குக்கரில் இல்லாமல் அடுப்பில் வைத்துத் தளதளவென்று கொதிக்கவிட்டுச் சாப்பிடுங்கள். ஆப்பத்துக்கு நன்றாக இருக்கும்.