பழைய ஐசோலெட் வாங்கினால் செய்யக் கூடாதவை

மியூனிக்கில் இருந்த அக்ஃபா தொழிற்சாலையில் 1950களில் தயாரான ஃபிலிம் கேமரா ஐசோலெட், மடித்தால் கோட்டுப் பையில் போய்விடும். விரித்தால் 120 என்ற அகலச் சுருள் ஃபிலிமில் 6×6 சென்டிமீட்டர் அளவில் 12 படம். அதே அளவில் படமெடுக்கும் ரோலிஃப்ளெக்ஸ் கேமராவின் விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு நல்ல துணை. ஆனால் வாங்கிய முதல் வாரத்திலேயே இதைக் கெடுத்துவிடலாம்.

ஃபோகஸ் வளையம் திரும்பவில்லையா? இடுக்கியை எடுக்காதீர்கள். அக்ஃபா பூசிய பச்சை கிரீஸ் வருடங்கள் போகப் போகக் கோந்து மாதிரி இறுகிவிடும். முன் லென்ஸும் அதற்கடுத்த லென்ஸும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். பலம் கொடுத்தால் இரண்டும் சேர்ந்தே சுழலும். வளையம் அசைகிறதே என்று நாம் சந்தோஷப்படுவோம்; எழுதியிருக்கும் தூரத்துக்கும் படத்தில் விழும் தெளிவுக்கும் அதோடு சம்பந்தம் அறுந்திருக்கும். லைட்டருக்கு ஊற்றும் நாஃப்தாவை ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவையுங்கள். இளகியதும் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்தெடுக்க வேண்டும். சில நாள் பிடிக்கலாம். ஷட்டர் மந்தமாக இருக்கிறதென்று எண்ணெய் விடுவது இதைவிட மோசம். இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது துருத்தி, அதாவது லென்ஸையும் கேமரா உடலையும் இணைக்கும் மடிப்புக் கூடு. சோதிக்காமல் ஃபிலிம் போட்டால் காசுக்குத்தான் கேடு. இருட்டறையில் பின்மூடியைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மடிப்பு மூலைகளில் நட்சத்திரம் மின்னினால் ஓட்டை. கறுப்புப் பெயின்ட் பூசிச் சமாளிக்கலாம், ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான்.

சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அப்போதும் கேமராவைப் படக்கென்று திறக்கக் கூடாது. துருத்தி விரியும்போது காற்றை உறிஞ்சும், ஃபிலிமும் முன்னால் இழுபட்டுத் தொய்யும். முதலில் மெதுவாகத் திறந்து, அப்புறம் ஃபிலிமைச் சுற்றினால் அது மறுபடி விறைப்பாகும்.

ஐசோலெட் 3 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி. அதன் தூரமானி லென்ஸோடு இணைந்ததல்ல. அது காட்டும் தூரத்தை நாமே லென்ஸில் வைக்க வேண்டும். ஒரு முழு ரோலுக்கும் தூரத்தை அளந்துவிட்டு, லென்ஸைத் தொடாமலே எடுத்த புண்ணியவான் நான்.

படத்தின் எண்ணைப் பார்க்கப் பின்பக்கம் வைத்திருக்கும் சிவப்புக் கண்ணாடியையும் நம்பாதீர்கள். அந்த ஏற்பாடு வந்த காலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. இன்றைய ஃபிலிமுக்கு நன்றாகவே உறைக்கும். நிழலில் நின்று எண்ணைப் பார்த்துச் சுற்றுங்கள். மூடி இல்லாவிட்டால் ஒரு துண்டு கறுப்பு டேப் போதும்.