லிங்க் பத்து வருஷம் கழிச்சும் தொறக்கணும்னா இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

2011 டிசம்பர் 30 அன்னிக்கு தானே புயல் நம்ம கடலூரையும் புதுச்சேரியையும் போட்டுப் பொரட்டிட்டுப் போச்சுல்ல, அப்ப பண்ருட்டி பக்கம் சாஞ்ச முந்திரி, பலா மரத்தப் பத்தி நேர்ல பாத்தவங்க எழுதுனதெல்லாம் நம்ம ஊர் வரலாறுங்க. ஆனா பிளாக்ல எழுதற பதிவோட லிங்க்க, அதாவது இணைய முகவரிய, சரியா வைக்கலன்னா அந்த மாதிரி எழுத்து எங்கயோ பத்திரமா இருந்தும் யார் கையிலயும் கிடைக்காது.

முதல் தப்பு, பிரவுசர்ல மேல தெரியறத அப்படியே காப்பி பண்ணி ஷேர் பண்றது. கூகுளோட பிளாகர் சேவைல இருக்கற பிளாக் முகவரி பிளாக்ஸ்பாட் டாட் காம்னு முடியும், 2012 வாக்குல இந்தியாவுல இருந்து பாக்கறவங்கள கூகுள் தானாவே பிளாக்ஸ்பாட் டாட் இன்னுக்கு திருப்பி விட்டுச்சு, சனங்களும் அந்த லிங்க்கையே எல்லா இடத்துலயும் ஒட்டுனாங்க, அப்புறம் 2020ல அந்த டாட் இன் பேரு கூகுள் கைய விட்டே போயிடுச்சு, அத்தன லிங்க்கும் வீண். உங்ககிட்ட அப்படி பழசு ஏதாவது இருந்தா 'இன்'ன எடுத்துட்டு 'காம்'னு போட்டுப் பாருங்க, பதிவு அழியாம இருந்தா தொறக்கும்.

அடுத்தது தமிழ்த் தலைப்ப அப்படியே முகவரியா விடறது. பிளாகர்ல தமிழ்த் தலைப்பு வச்சா முகவரி வெறும் 'பிளாக் போஸ்ட்'னு ஒரு நம்பரோட வந்து நிக்கும், எதப் பத்தின்னே தெரியாது. வேர்ட்பிரஸ்ங்கற இன்னொரு பிளாக் மென்பொருள்ல வேற தொல்லை. தமிழ்ல ஒவ்வொரு குறியீடும் கம்ப்யூட்டர் கணக்குல 3 பைட்டு (சேமிப்பு அளவு), லிங்க்கா காப்பி பண்ணா அது சதவீதக் குறியோட 9 எழுத்தா விரியும், புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி கணக்கு, அதனால 'கடலூர்'ங்கற ஒரு வார்த்தையே 6 குறியீடு, 54 எழுத்து! அங்க இடமே 200 எழுத்துக்குத்தான், நீளமான தலைப்புன்னா பாதில வெட்டிடும். பப்ளிஷ் அமுக்கறதுக்கு முன்னாடியே பெர்மாலிங்க்ல, அதாவது பதிவோட முகவரிய அடிக்கற கட்டத்துல, ரெண்டு மூணு வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துல சின்னதா நீங்களே அடிச்சிடுங்க. தமிழ் மேல எனக்கும் பாசம்தான், ஆனா தலைப்பும் உள்ள இருக்கறதும் தமிழ்ல இருந்தா போதும்.

மாறக்கூடிய எதையும் முகவரில வைக்காதீங்க. 'புதுசு', 'லேட்டஸ்ட்', கேட்டகிரி பேரு, வேலை பாக்கற கம்பெனி பேரு, எதுவும் வேணாம். தானே மாதிரி ஒரு தடவ நடந்ததுக்கு வருஷம் போடலாம், ஆனா மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்துல எந்தெந்த ஊர் சாமி வரும்னு வருஷா வருஷம் திருத்துற பக்கத்துக்கு எதுக்கு வருஷம்? 2006ல பாண்டிச்சேரி புதுச்சேரி ஆச்சுன்னு பழைய முகவரிய திருத்தப் போறதும் தப்புதான், அது பாட்டுக்கு இருக்கட்டும்.

சொந்த டொமைன், அதாவது உங்க சைட்டுக்குன்னு தனிப் பேரு, வாங்குறதுல இன்னொண்ணு இருக்கு, சைட் போட்டுக் குடுக்கற தம்பி அவரோட மெயில்லயே பதிவு பண்ணிடுவாரு, அப்புறம் அவரு வேலை கிடைச்சு சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போயிட்டா ரினியூவல் மெயில் யாருக்குப் போகும்? உங்க பேரு, உங்க மெயில், ஆட்டோ ரினியூவல், இத மொத நாளே பாத்துக்கோங்க. நீள முகவரிய சுருக்கித் தர்ற ஷார்ட் லிங்க்க மட்டும் நம்பி எங்கயும் அச்சடிக்காதீங்க, கூகுளே தன்னோட சுருக்கி சேவைல 2019லயே புது லிங்க் தர்றத நிறுத்திடுச்சு.

மாத்தியே ஆகணும்னா பழைய முகவரில இருந்து புதுசுக்கு 301 ரீடைரக்ட் (பழைய லிங்க்க தொறந்தா தானாவே புதுசுக்கு கொண்டு போற ஏற்பாடு) போடுங்க, போட்டத எடுக்காதீங்க. முக்கியமான பதிவ, இணையப் பக்கங்கள சேத்து வைக்கற வேபேக் மெஷின்லயும் ஒரு காப்பி சேவ் பண்ணி வைங்க, ரெண்டு நிமிஷ வேலைதான்.